மலாய் மட்டும் தெரிந்த பூனை

எண்பதுகளின் தொடக்கத்தில் பினாங்கில் இருந்த கடையை விற்றுவிட்டு, சொந்த ஊரான ராஜபாளையத்துக்கே திரும்பினேன். பினாங்கிலேயே பிறந்து, மலாய் பேசி வளர்ந்த என் மனைவி மைமூன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தன் வெள்ளைப் பூனையும் கூட வர வேண்டும். கூடையில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தோம்.

அவள் பூனையிடம் மலாயில்தான் பேசுவாள். அதைக் கேட்பதற்கென்றே அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிச் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஊரே சிரிக்குது. இனிமே அதுகிட்டயும் தமிழ்லயே பேசு" என்றேன். அவளும் நிறுத்திக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் தங்கப் போனோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பூனை கூடையிலிருந்து துள்ளி, ஒரு டீக்கடையின் ஓட்டுக்கூரையில் ஏறிவிட்டது. கூட்டம் சேர்ந்தது.

"செத்த நேரம் சும்மா இருங்கலே, அது மெரளுது" என்றார் கடைக்காரர்.

நான் கூப்பிட்டேன், வரவில்லை. மைமூன், "வா, எறங்கி வா" என்றாள். பூனை அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"மலாயில கூப்பிடு" என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "இவ்வளவு பேர் நிக்கிறாங்க. சிரிப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" அவள் குரலில் கோபமே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பூனை பின்பக்கம் குதித்து ஓடிவிட்டது. மாலைவரை தேடினோம். மைமூன் சந்து சந்தாக மலாயில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். யாரும் சிரிக்கவில்லை. பூனை கிடைக்கவும் இல்லை.

ராஜபாளையத்துக்கு வந்தபின் அவள் தன் பேச்சைப் பேச இருந்த ஒரே துணை அது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு எத்தனையோ முறை நானே அவளிடம் மலாயில் பேச்சைத் தொடங்கியிருக்கிறேன். அவள் தமிழிலேயே பதில் சொல்கிறாள்.