வரேன் என்று சொல்லாத வேட்பாளர்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுக் கேட்கிறார் பூவராகவன். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடப்போவதும் இல்லை, இருந்தாலும் கழற்றுகிறார். இரண்டு கையையும் கூப்புகிறார். "எலெக்சன் வந்தா தலைவருக்கு நிக்கிறேம்மா, பாத்து செய்யுங்க" என்கிறார். இதுவரை சரி, எல்லோரும் செய்வதுதான். அதற்கப்புறம்தான் வில்லங்கம். பேச்சு முடிந்ததும் மனிதர் வாயைத் திறக்காமல் சட்டென்று திரும்பி நடையைக் கட்டிவிடுகிறார். வாசலில் நிற்கும் பெண் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்கிறாள். "ஓட்டு கேக்க வந்த ஆளு, வரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா இன்னா, வாயில கீற முத்தா உதுந்துடும்?"

திமிர் இல்லை ஐயா, தொழில். கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவே எந்த ஊரில் யார் கண்ணை மூடினாலும், உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை உடலை வைக்க ஐஸ் பெட்டி கொண்டுவருகிறவர் அவர். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போய்ட்டு வரேன்' என்று சொல்வதில்லை. அதுவும் பெட்டிக்காரர் சொல்லலாமா? சொன்னால் அந்த வீட்டார் சும்மா விடுவார்களா? வருஷக்கணக்காக அந்த வார்த்தையை விழுங்கி விழுங்கி, இப்போது கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும்கூட அது வெளியே வருவதில்லை. போனில் பேசினால் "வெச்சிடறேன்" என்று முடிக்கிறார். ஓட்டுக்காக ஒத்திகைகூடப் பார்த்துவிட்டார். "வ...ன்னு ஆரம்பிக்கிறேன்பா, நாக்கு அங்கியே பிரேக் போட்டுக்குது" என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தேய்த்த வெள்ளைச் சட்டை, டெட்டால் மணக்கும் கை. போனில் மணி அடிக்காது. சாவு வீட்டில் அது பாட்டுப் பாடித் தொலைத்தால் யார் அடி வாங்குவது! எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் போவது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு, அடுத்தது கதவின் அகலத்துக்கு. ஓட்டுக் கேட்கிற நேரத்திலாவது அந்தக் கண்ணைக் கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா? முடியவில்லை. எட்டிப் பார்த்து, பெட்டியை எந்தப் பக்கமாகத் திருப்பலாம் என்று மனசுக்குள் அளந்துவிடுகிறார். அதைக் கவனித்துவிட்ட வீட்டுக்காரர், உள்ளே இருக்கும் பெரியவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். இப்படி ஒரு ஆள் ஊராட்சித் தலைவர் ஆக வேண்டும் என்கிறார்.

ரயில்வே லைன் பக்கத்துத் தெருவில் துளசிராமன் என்ற பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பூவராகவன் அந்த வாசலில் நின்றதும் மருமகள் முகம் வெளுத்து, கதவைப் பாதி சாத்திவிட்டாள். உள்ளேயிருந்து பெரியவரின் குரல் வந்தது.

"இன்னா பூவராகா, ஓட்டுக்கு வந்தியா, எனுக்கு வந்தியா?"

"ஓட்டுக்குத்தான் மாமா. ஒனுக்கு இன்னும் நாள் கீது."

"அப்ப ஓட்டு ஒனுக்குதான். எலெக்சன் வெரிக்கும் என்ன இட்டுக்கினு போவாத, அது போதும்."

பெரியவர் இருமி இருமிச் சிரித்தார். மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. பூவராகவன் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினார். பின்னாலிருந்து பெரியவர் கத்தினார். "வரேன்னு சொல்லாத போற பாரு, அதாண்டா எனுக்கு வேண்டியது!" ஊராட்சி முழுக்க நடந்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே வாழ்த்து அதுதான்.

அவர் ஒன்றும் சாவுத் தொழிலில் பிறந்தவர் இல்லை. ஆரம்பாக்கத்துப் பக்கம் நெல் பயிரிட்ட குடும்பம். நிலத்தில் இரண்டு ஆளுக்கு வேலை இல்லை என்று இளம் வயதிலேயே ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தார். கூட வேலை செய்த ஒடிசாக்காரர் ஒருவர் காய்ச்சலில் இறந்துபோனார். ஊரிலிருந்து அண்ணன் ரயிலில் வந்து சேரவேண்டும். அதுவரை ஐஸ் கட்டி வாங்கிவந்து மரத்தூள் கொட்டி, அதன்மேல் அவரைக் கிடத்தினார்கள். ஐஸ் கரையக் கரைய, துணி எடுத்துத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பூவராகவன். "ஒரு மன்சன் போயிட்டப்பறம் அப்டி நனையக் கூடாதுபா" என்று இன்றைக்கும் சொல்கிறார். சொல்லும்போது கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.

தன் பங்கு நிலத்தை விற்று முதல் பெட்டியை வாங்கினார். "நெல்லு வித்த குடும்பத்துல பொறந்துட்டு, சாவ விக்கப் போறியாடா?" என்று கேட்ட அப்பா, அதற்கப்புறம் மகனோடு பேசவே இல்லை. பேசியவள், பெட்டிமேல் போர்த்துகிற துணியை முகம் சுளிக்காமல் துவைத்துப் போட்டவள், மனைவி ஜோதிலட்சுமி ஒருத்திதான். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடலாம் என்று யோசனை சொன்னவளும் அவள்தான். சாவுக்குப் போன நாற்காலியைக் கல்யாணத்துக்கு யார் எடுப்பார்கள் என்று இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, "சாவுக்கு வெள்ள, கண்ணாலத்துக்கு சேப்பு. கலர பாத்து எடுத்துக்கினு போவட்டும்" என்று முடித்துவிட்டாள். இன்றைக்கு அவருக்கு மூன்று பெட்டி, இரண்டு குட்டியானை வண்டி, பஜாரில் ஒரு கடை. கெட்டிக்காரி. இருந்திருந்தால் இந்த ஓட்டு விஷயத்துக்கும் ஒரு வழி சொல்லியிருப்பாள்.

அவள் இல்லை. ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகிற பாதை இரும்பு ஆலையின் பின்மதிலை ஒட்டிப் போகிறது. பழைய இரும்பு ஏற்றிவந்த லாரிகள் எடைமேடைக்குக் காத்துக்கொண்டு அதன் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஜோதிலட்சுமிக்கு நெஞ்சு வலித்தது. கூப்பிட்ட ஆம்புலன்ஸ் உள்ளே நுழைய வழியில்லாமல் நெடுஞ்சாலையிலேயே நின்றது. சரி, அதுவரை கொண்டுபோய்விடலாம் என்று ஆட்டோவில் ஏற்றினார்கள். எடைமேடை அருகில் முன்னால் ஒரு லாரி மறித்துக்கொண்டது; பின்னால் இன்னொன்று வந்து அடைத்துக்கொண்டது. பூவராகவன் இறங்கி ஒவ்வொரு லாரியாக ஓடி ஓடிக் கதவைத் தட்டினார். ஒருவர் தூங்குகிறார், ஒருவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது, மகள் பூமிகாவின் மடியில் எல்லாம் முடிந்திருந்தது.

அவருடைய ஐஸ் பெட்டி மட்டும், அவசரத்துக்கு ஆகாத ஏரிக்கரைப் பாதை வழியாக ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு தப்பாமல் வீடு வந்து சேர்ந்தது. பெட்டியைப் பார்த்ததும் அவர் கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்தார், பிளக்கைச் சொருகினார், குளிர்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தார். அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பூமிகா, "அம்மாவயும் ஒரு ஆர்டர் மாரி பாத்துட்டியேப்பா" என்றாள். அந்தப் பேச்சு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நிற்கிறது. அப்படி இல்லை என்று மகளிடம் சொல்ல அவருக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

அதனால்தான் நிற்கிறார். மற்றவர்கள் குடிநீர், தெருவிளக்கு, சமுதாயக்கூடம் என்று அடுக்குகிறார்கள். இவருக்கு ஒரே பேச்சு. "எனுக்கு வேற ஒண்ணும் தெரியாதுபா. அந்த ரோட்ல லாரி நிக்கக் கூடாது. அவ்ளோதான்." லாரிகளில் பெரும்பாலானவை குப்புராஜுடையவை. குப்புராஜ் போன தடவை தலைவராக இருந்தவர், பதவிக்காலம் முடிந்தும் ஊர் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறது, அடுத்த தடவையும் நிற்கப்போகிறவர். ஜோதிலட்சுமியின் காரியம் முடிந்த கையோடு பூவராகவன் அவரிடம் போய்க் கெஞ்சினார். "லாரிய தலமேல தூக்கி வெச்சிக்கினா நிக்கிறது? எடை போடற வெரிக்கும் அது அங்கதான் நிக்கும். நம்ம கையில இன்னா கீது, சொல்லு" என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தார் குப்புராஜ். பூவராகவன் அதை நம்பினார். தலைவராக இருக்கிற மனுஷனாலேயே முடியவில்லை என்றால் மேலே போய்த்தான் கேட்கவேண்டும், மேலே போய்க் கேட்பதற்கு ஒரு பதவி வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்பாவி மனுஷன்!

தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இந்தத் தடவை ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு. டீக்கடை லோகு கிளாசை ஆற்றிக்கொண்டே, "லேடீஸ் சீட்டா இருந்தா இன்னாண்ணே பேஜாரு? எல்லாரும் பண்றதுதான், ஊட்டுக்காரம்மாவ நிக்க வெச்சிட்டு நீ பாத்துக்கோ" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பூவராகவன் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "நிக்க வெக்கலாம்பா. என்ன வுட நல்லா பேசுவா" என்று கிளாசை வைத்தார். வீட்டுக்குப் போய், நீ நிற்கிறாயா என்று மகளைக் கேட்டார். கம்பெனி பஸ்ஸில் தினமும் அதே பாதையில் போய்வருகிறவள் அவள். "ரோட்ட மாத்தறதுக்கு நீ பாக்கற. இந்த ஊர வுட்டே போறதுக்கு நான் பாத்துக்கினு கீறேன்பா" என்றாள்.

போன மாதம் ஒரு மத்தியான வேளையில் சட்டைப்பையில் போன் துடித்தது. குப்புராஜின் அம்மா கனகாம்பாள் காலமாகிவிட்டார். போகாதே, அவர் வேறு எங்காவது பெட்டி எடுக்கட்டும் என்று கடையில் இருந்தவர்கள் தடுத்தார்கள். "செத்தது அந்தம்மா. அவங்க இன்னா பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

வழக்கம்போல ஏரிக்கரைப் பக்கம் திருப்பப் போனவரை, குப்புராஜின் மேஸ்திரி ஒருவர் நெடுஞ்சாலை முனையிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "நேரா போண்ணே. சொந்தக்காரங்க காருங்கோ வரணும்னு தலைவரு ஒரு போன் போட்டாரு, எல்லா லாரியும் எடுத்தாச்சி."

நேராகப் போனார். பாதை துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. இத்தனை அகலமா இது என்று அவருக்கே புதிதாக இருந்தது. எடைமேடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஒரு போன். ஒரே ஒரு போன்.

பெட்டியை இறக்கி, அந்த அம்மாளைப் பக்குவமாக உள்ளே கிடத்தி, குளிர் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே குப்புராஜ் நின்றார். அழுது கண் வீங்கியிருந்தது. அவர் பூவராகவனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்ட்ட ஒடனே வந்துட்டியேபா."

"ரோடு காலியா இருந்திச்சி தலைவரே."

குப்புராஜ் பிடித்த கையை விட்டார். பூவராகவன் குனிந்து பிளக்கை இன்னொரு தடவை அழுத்திவிட்டு வெளியே நடந்தார்.

திரும்பி வரும்போது கார்கள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. லாரிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எடைமேடை அருகே, அன்றைக்கு ஆட்டோ சிக்கிக்கொண்ட இடத்தில், ஒரு லாரி ரிவர்ஸில் வந்து ஒதுங்கப் பார்த்தது. பூவராகவன் குட்டியானையை அதற்கு முன்னதாகக் கொண்டுபோய் அங்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு கீழே குதித்து, ஆந்திரத் தமிழில் திட்டிக்கொண்டே வேகமாக வந்தார். வண்டியின் முன் கண்ணாடியில் எழுதியிருந்த 'அமரர் சேவை' கண்ணில் பட்டதும் திட்டு பாதியில் நின்றது. தார்ப்பாய் மூடிய பின்பக்கத்தைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, உள்ள பாடி இருக்கா?"

பெட்டி குப்புராஜ் வீட்டுக் கூடத்தில் இருந்தது. வண்டிக்குள் ஒன்றும் இல்லை. பூவராகவன் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி, ஆமாம் என்று தலையை அசைத்தார்.