தேரிப் படத்தில் ஒரு நீல வட்டம்

இது நடந்தது. பொய் என்பவர் சித்திரை மாதம், உச்சிப்பொழுதில், குலசேகரன்பட்டினத்துத் தேரியில் ஒரு நாழிகை தனியாக நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

1911. பாளையங்கோட்டை எலியேசர் சர்வேயர். ஆட்டுக்கிடை போடுகிறவர்களைத் தவிர யாரும் நடமாடாத அந்தச் செம்மணல் மேட்டைப் படம் வரைய வந்திருந்தார். கிணறு என்றால் அவர்கள் வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. சர்வேயர் தன் வாயால் குடித்துப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் படத்தில் நீல வட்டம் போடலாம்.

அன்று தோல்பை கிழிந்து தண்ணீரெல்லாம் ஒழுகிவிட்டது. அளவுச் சங்கிலி பிடிக்கும் பிச்சைக்கண்ணு தண்ணீர் தேடிப் போயிருந்தான். மணி 12.10. எதிரே ஒரு கிணறு. ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி இறைத்துக்கொண்டிருந்தாள். சர்... சர்... கயிறு ஏறியது. கயிற்றில் ஈரமே இல்லை. ஆடுகள் தண்ணீர்ப் பக்கம் திரும்பவும் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்ட மனிதர் இதையெல்லாம் யோசிப்பாரா? குடித்தார். எழுதினார்: ‘குடித்தேன். நல்ல தண்ணீர்.’ வட்டமும் போட்டார்.

“குறிச்சிட்டியளா?” என்றாள் அவள். “இனிமே ஆளு வரும்.”

பிச்சைக்கண்ணு திரும்பி வந்தபோது எலியேசர் மணலில் முழங்காலிட்டிருந்தார். வாய் நிறைய மணல்.

“இங்கன ஏது கெணறு, அய்யா?”

எலியேசர் மணலைத் துப்பினார். வட்டத்தை அழித்தார். மறுநாள் காலை அது அங்கேயே இருந்தது. சுரண்டினார். காகிதம் தேய்ந்ததே தவிர வட்டம் போகவில்லை. மேலதிகாரியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

“குடிச்சுப் பாத்து நீரே எழுதியிருக்கீரே வே. பொறவு என்ன?”

படம் கல்கத்தாவில் அச்சாகி வந்தது. வட்டத்தோடு. அதை நம்பி எவன் போய்ச் சாகப்போகிறானோ என்று எலியேசருக்குச் சோறு இறங்கவில்லை.

1913, சித்திரை. அந்தப் படத்தோடு தேரிக்குப் போகும்படி உத்தரவு வந்தது. அவர் மச்சினன், சர்வேயர் ஜெபசீலனுக்கு.

“அங்கன கெணறு கெடையாதுலே. கிட்டயே போவாத.”

“வேதத்து மேல சத்தியமா போவ மாட்டேன், அத்தான்.”

இரண்டு தோல்பை நிறையத் தண்ணீர் கட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஆள் வந்தது. எலியேசர் விழுந்தடித்து ஓடினார்.

ஜெபசீலன் முழங்காலிட்டபடி... வாய் நிறைய மணல்... உயிர் இல்லை.

இரண்டு பையிலும் தண்ணீர் அப்படியே இருந்தது.

குறிப்பேடு மட்டும் நனைந்திருந்தது.

கடைசி வரி. ஜெபசீலன் கையெழுத்துதான்.

‘மணி 12.10. குடித்தேன். நல்ல தண்ணீர். அத்தானை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்கிறாள்.’