கொக்கிக்கு ஒரு தலை

ஒரு மண்டபத்தையே தூங்கவைக்கும் பேச்சாளர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் சளி பிடித்த ஆறு குழந்தைகளை, பக்கத்து வீட்டில் சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒற்றைக் கையால் தட்டித் தூங்கவைத்த மனுஷி இந்தப் பூமியில் ஒருத்திதான். அவள் என் சித்தி. அவள் பிறந்த அன்று, பிரசவ வார்டில் வீறிட்டுக்கொண்டிருந்த மற்ற குழந்தைகளெல்லாம் சட்டென்று வாயை மூடிக்கொண்டு வரிசையாகப் படுத்துவிட்டனவாம். இதற்கு நேரில் பார்த்த சாட்சி யாரும் கிடையாது. மத்தியானம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தைப் பார்த்தவர்களுக்குச் சாட்சி தேவைப்படாது.

நாங்கள் மாடியில், சித்தி கீழே. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அவள் தொழில். பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டதால் பகலெல்லாம் நான் மாடிப்படியில்தான் இருப்பேன். எனக்குக் குழந்தைகள் என்றாலே ஆகாது. மூக்கு ஒழுகும், கையில் கிடைத்ததைக் கடிக்கும். இதைச் சித்தியிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்.

சித்தியின் கூடத்துச் சுவரில், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆறு கொக்கிகள். அரசாங்கம் அவளுக்கு அனுமதித்ததும் ஆறு தலைதான். காலையில் பிள்ளையைக் கையிலிருந்து கைக்கு வாங்கிய பிறகுதான் பை கொக்கிக்கு ஏறும். சாயங்காலம் கையிலிருந்து கைக்குக் கொடுத்த பிறகுதான் இறங்கும். பிள்ளை வாசலில் நின்று செருப்புக்காக அழுதுகொண்டிருந்தால்கூடப் பை இறங்காது. பை தொங்கினால் தலை உள்ளே என்று அர்த்தம். அடுப்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்து, பையை ஒரு தரம், தலையை ஒரு தரம் எண்ணிவிட்டுப் போவாள். மூச்சு விடுகிற மாதிரி அவளுக்கு அது ஒரு பழக்கம்.

இவ்வளவு கெட்டிக்காரி ஒரே ஒரு இடத்தில் கோட்டைவிட்டாள். தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரே வயசில் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாள். ஒன்றாகச் சாப்பிடும், ஒன்றாகத் தூங்கும், ஒரே பொம்மைக்காக ஒன்றாக அடித்துக்கொள்ளும், வேலை சுலபம் என்று அப்போது எல்லாரும் மெச்சினார்கள். ஒரே வயசுப் பிள்ளைகள் ஒரே நாளில் பள்ளிக்கூடம் போய்விடும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் திங்கட்கிழமை நெருங்கிவிட்டது. நாலும் போனால் மிச்சம் இரண்டு. கைக்குழந்தை பட்டாணி, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு கூடத்தை மேற்பார்வை பார்க்கும் இரண்டு வயது மேனேஜர். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டை நடத்த முடியாது.

சித்தி ஆள் தேட ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பெண் மாசமாக இருந்தாள், இடம் வேண்டும் என்றாள். ஆனால் வயிற்றிலிருக்கும் பிள்ளை வெளியே வந்து, தவழ்ந்து, கொக்கிக்கு வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கொக்கியில் காற்றையா மாட்டிவைப்பது? மருந்துக்கடைக்காரர் மருமகள் கட்டாயம் வருகிறேன் என்றாள். அவள் அம்மா பெட்டியோடு வந்து இறங்கியதும் கண்ணில் படுவதையே விட்டுவிட்டாள். கடைசியில் சித்தி பஸ் நிறுத்தத்தில் பெண்களின் வயிற்றைப் பார்க்கும் நிலைக்கு வந்தாள். ஒருத்தியிடம் சிரித்துக்கொண்டே, "எப்பம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் கொஞ்சம் பூசினாற்போல இருந்த பெண், அவ்வளவுதான். அதிலிருந்து சித்தி ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் பஸ் ஏறுகிறாள்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அறையில் ஒரு வேலை காலி. வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றார்கள். சரி என்றால் கொக்கிகளைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். லிப்ட் பழுதுபார்க்கும் சித்தப்பா, "போயேன், அங்கே அழுக்குத் துணி அழாது" என்றார். சித்தி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத சித்தப்பா ஜோக் அதுதான் முதல்.

வியாழக்கிழமை ஒரு வழி திறந்தது. பஸ் டிப்போவில் அதிகாலை வண்டி எடுக்கும் பெண் ஓட்டுநர்கள் நாலு பேருக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடியும் முன்னே பிள்ளையை வாங்கிக்கொள்ள யாரும் கிடையாது. நாலு பேருக்கும் சேர்த்து ஒருத்தி அன்றைக்கே வந்து பார்ப்பாள், அவளுக்குப் பிடித்தால் நாலும் வரும் என்று தகவல். சித்தி தரையை இரண்டு தடவை துடைத்தாள். துடைத்த தரையில் தானே வழுக்கினாள்.

கெட்ட நேரம் பாருங்கள், அன்றைக்குத்தான் பெரிய பிள்ளைகள் நாலு பேரையும் புதுப் பள்ளிக்கூடத்தைக் காட்டிவர அவர்களின் பெற்றோர் கூட்டிப் போயிருந்தார்கள். கூடத்தில் பட்டாணியும் மேனேஜரும் மட்டும். சுவரில் நாலு கொக்கிகள் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. ஈ ஓட்டுகிற கடையில் யார் நுழைவார்கள்? எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தைகளுக்காக இல்லை. சித்தி துணி வெளுக்கப் போனால் பகலில் மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கு ஒன்றும் இருக்காது, அதற்காக.

பரணில் ஏறினேன். பழைய பைகள் நாலு அகப்பட்டன. வெறும் பை சூம்பிப்போய்த் தொங்கும் என்பதால் உள்ளே எதையோ அடைத்தேன். சித்தி அடுப்படியில் பட்டாணிக்கு வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்தபோது நாலையும் கொக்கியில் மாட்டிவிட்டு மாடிப்படிக்கு ஓடிவந்தேன். கூடம் நிறைந்து, களைகட்டிவிட்டது.

ஓட்டுநர் அம்மா சீருடையிலேயே வந்தாள். குள்ளமாக இருந்தாள், ஆனால் அவள் நுழைந்ததும் கூடம் சின்னதாகிவிட்டது. மேனேஜர் அவளைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்பதுபோல் திரும்பிப் போனான். பட்டாணி சித்தியின் இடுப்பில்.

"வாசல் கேட்டுக் கொக்கியப் பிள்ளைங்களுக்கு எட்டாத உயரத்துலதான் வெச்சிருக்கீங்க. நல்லது," என்றாள் ஓட்டுநர் அம்மா. அப்புறம் சுவரைப் பார்த்தாள். "பை ஆறு தொங்குது. பிள்ளைங்க ரெண்டுதான இருக்கு. மத்த நாலு எங்கங்க?"

சித்தி சிரித்துக்கொண்டே திரும்பினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

நாலு பேரும் பள்ளிக்கூடம் பார்க்கப் போயிருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பை தொங்குகிறது. பை தொங்கினால் தலை உள்ளே. யாரோ பாதியில் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், தான் கவனிக்கவில்லை என்று அவள் உடம்பு முடிவு கட்டிவிட்டது. மூளை பிறகுதான் வந்து சேர்ந்திருக்கும். பட்டாணியை ஓட்டுநர் அம்மாவின் கையில் திணித்தாள்.

"பிடிங்க."

முதலில் குளியலறை. அங்கே வாளி எப்போதும் கவிழ்ந்துதான் இருக்கும். இருந்தும் அதைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் பின்கதவுத் தாழ்ப்பாள். கட்டிலுக்கடியில் முழங்காலில் விழுந்து பார்த்தாள். "வக்கீலு... வக்கீலு, எங்கடா இருக்க?" என்று கூப்பிட்டாள். அந்த நாலு பேரில் எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கும் பையனுக்கு அவள் வைத்த பெயர் அது. அவள் குரல் சன்னமாக, கெஞ்சுவதுபோல வந்தது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். நான் படியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தவள் முன்னால் சித்தி ஏமாற்றுக்காரி ஆகிவிடுவாள். திறக்காவிட்டால்? சித்தி வாசலைத் தாண்டிவிட்டாள். செருப்பில்லை. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது, அவள் குனிந்து அதன் அடியில் பார்க்கப் போனாள்.

"சித்தி, உள்ள யாரும் இல்ல," என்றேன். லாரிச் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை. படியிறங்கி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அந்தப் பை நான் மாட்டினது, சித்தி. நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். மேனேஜர் போய் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டான்.

"ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள், மூச்சு வாங்க. "அந்த நாலும் திங்கக்கெழமையோட பள்ளிக்கூடம் போயிடும். கொக்கி நாலும் காலி. பை எல்லாம் வெறும் ஜோடனை. நான் செய்யல, ஆனா எங்க வீட்டுலதான் நடந்திருக்கு. நீங்க உங்க ஆளுங்ககிட்ட அப்படியே சொல்லிடுங்க."

ஓட்டுநர் அம்மா பட்டாணியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பி, "நீ வண்டி ஓட்டினா ஊர் தாங்காதும்மா," என்றாள். அப்புறம் சித்தியிடம், "முதல்ல எங்க போனீங்க?"

"குளிக்கிற ரூம்."

"வாளி கவுந்துதான இருந்துச்சு. தூக்கி வேற பாத்தீங்களே."

"கவுந்த வாளிக்குள்ள ஒளிஞ்ச பிள்ளையெல்லாம் பாத்திருக்கேங்க."

ஓட்டுநர் அம்மா குளியலறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவள் பட்டாணியைக் கீழே விடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"விடியறதுக்கு முந்தி கதவத் தட்டினா தெறப்பீங்களா?"

"தட்ட வேண்டாம். நின்னுட்டிருப்பேன்."

"என் பிள்ளை திங்கக்கெழமை வருவா. மத்த மூணு பேர்கிட்ட நடந்ததச் சொல்றேன். இந்தப் பொண்ணு செஞ்சதையும் சொல்வேன், நீங்க ஓடினதையும் சொல்வேன். அவங்களே வந்து பாக்கட்டும்."

"பிள்ளைங்களுக்கு என்னென்ன வயசுங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சொல்லுங்களேன்."

"என்னது ஒண்ணரை. இன்னொண்ணு மூணு. ஒரு கைக்குழந்தை. ஒண்ணுக்கு ரெண்டு முடியப் போவுது."

சித்தி கண்ணை மூடித் திறந்தாள். ஒன்றுகூட இன்னொன்றின் வயசில் இல்லை. "எல்லாம் ஒண்ணாக் கிளம்பிப் போகாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓட்டுநர் அம்மாவுக்கு இது விளங்கவில்லை. பட்டாணியைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்துவிட்டு, கேட்டின் கொக்கியைப் போட்டு, அது விழுந்ததா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நான் மெல்ல மாடிப்படிப் பக்கம் நகர்ந்தேன்.

"நில்லுடி, வாலு."

சித்தி நாலு பைகளையும் கொக்கியிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பையைத் திறந்தாள். மாற்றுச் சட்டை ஒன்று, மடித்தது. சின்னத் துண்டு. விரித்துப் படுக்க ஒரு துணி, சுருட்டி ரப்பர் போட்டது. மழைக்குச் சாக்ஸ். எல்லாம் நான் சின்னதில் போட்டது, பரணில் கிடந்தது. இரண்டாவது பையிலும் அப்படியே. மூன்றாவதிலும். தாய்மார்களிடம் அவள் எந்த வரிசையில் அடுக்கச் சொல்வாளோ அதே வரிசை, துண்டுக்கு மேல் சட்டை. நாலாவதில் ஓரம் கடித்துக் கடித்து நைந்துபோன ஒரு மஞ்சள் துணியும் இருந்தது. அது இல்லாமல் நான் தூங்கமாட்டேன் என்பாள் அம்மா.

"வெறும் பை சூம்பிப் போகுமேன்னு..." என்றேன். "கொஞ்சம் கனமா இருக்கட்டும்னுதான் வெச்சேன்."

சித்தி மஞ்சள் துணியை முகர்ந்து பார்த்தாள். பரணில் கிடந்த துணிகளுக்கு இல்லாத, இப்போதுதான் துவைத்துக் காயப்போட்ட வாசனை அதில் இருந்திருக்கும்.

"கனத்துக்குப் பழைய பேப்பர் போதும்டி," என்றாள். "தூங்கும்போது பிடிச்சுக்கிற துணி எதுக்கு?"