உரித்த வெங்காயமும் எட்டே கால் பஸ்ஸும்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம். வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் ஜவுளிக்கடை வேலைக்குத் தினமும் எட்டே கால் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அதே பஸ்ஸில் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று போகிற பெண்கள், சின்ன வெங்காயம் உரித்தே காலைப் பொழுது போய்விடுகிறது என்று புலம்பாத நாளில்லை. நாமே உரித்து விற்றால் என்ன என்று எனக்குப் பொறி தட்டியது.

கேட்டுப் பார்த்தேன். "கண்டிப்பா வாங்குறோம்" என்று பஸ்ஸே சொன்னது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்கு அம்மா போட்ட ஒரே சங்கிலியை அடகு வைத்து, உரிக்கிற மெஷினும் நாலு மூட்டை வெங்காயமும் வாங்குவதென்று முடிவு கட்டிவிட்டேன்.

என் கணவர் சண்டை போடவில்லை. "வாயால சொல்றது வேற, வாங்குறது வேற. நம்ம பட்டறையிலயே வெங்காயம் கெடக்குல்ல? மொதல்ல அத உரிச்சு எடுத்துட்டுப் போ. சங்கிலி எங்கயும் ஓடிடாது" என்றார்.

எனக்குக் கோபம்தான். இருந்தாலும் எங்கள் காட்டில் விளைந்து, காற்றாடப் பட்டறை போட்டுச் சேமித்திருந்த வெங்காயத்தையே கண் எரிய உரித்து, வீட்டிலிருந்த எட்டு டப்பாக்களில் போட்டுக் கொண்டுபோனேன்.

ஒன்றே ஒன்று போனது. அதுவும் பாவம் பார்த்து. மற்றவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அவமானத்தில் பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டேன்.

மனசு கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த டீச்சரிடம் கேட்டே விட்டேன். "ஏன் டீச்சர், அன்னிக்கு எல்லாரும் வாங்குறேன்னுதான சொன்னீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "கோச்சுக்காதம்மா. எங்க வூட்டுலயும் மூட்டையா கெடக்கு. அத வச்சுக்கிட்டு வெங்காயத்த காசு குடுத்து வாங்குனா எங்க மாமியா சும்மா வுடுமா? நான் கொண்டாரேன், நீ உரிச்சு மட்டும் குடு. கூலி வாங்கிக்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் வெங்காயம் இல்லாத வீடு ஏது? இதுகூடத் தெரியாமல்தான் இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியிருக்கிறேன்!

மறுநாள் காலை பஸ்ஸில் மூன்று பைகள் வந்தன. ராத்திரி உரித்து அடுத்த நாள் காலையில் கொடுத்தேன். அடுத்த வாரம் பதினொன்று. இன்று எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர் என்னோடு உரிக்கிறார்கள். ஜவுளிக்கடை வேலையை விட்டாயிற்று; பை வாங்கவும் கொடுக்கவும் மட்டும் எட்டே கால் பஸ்ஸில் போய் வருகிறேன். மெஷினும் வாங்கவில்லை, மூட்டையும் வாங்கவில்லை.

அடுத்து பூண்டு உரிக்கலாமா என்று யோசனை. நல்ல யோசனை என்று இப்போதே பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும், சந்தோஷம், ஆனால் என் கை கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறது, கண் எட்டே கால் பஸ்ஸில் முதல் பூண்டுப் பையோடு யார் ஏறுகிறார்கள் என்றுதான் பார்க்கிறது.