இடது கதவில் இரண்டு ஸ்பீக்கர்

ஆண்டர்சன்பேட்டையில் கார்களுக்கு ஸ்டீரியோ பொருத்தும் கடையில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். யார் பேசினாலும் முகத்தை வலப்புறம் திருப்பி இடது காதைக் கொடுப்பார். தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மெஷின் இரைச்சலிலேயே வலது காது போய்விட்டதாம்.

தன் பழைய காருக்கு இரண்டு ஸ்பீக்கரையும் இடது கதவிலேயே வைக்கச் சொன்னார்.

"அந்தப் பக்கம் குந்துறவங்களுக்குக் காது கிழிஞ்சிடுமேங்க" என்றார் கடைக்காரர்.

"இப்ப அங்க யாரும் குந்துறதில்லபா. வச்சிடு."

வேலை முடிந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து ஒரு பழைய பாட்டைப் போட்டார். முகம் தானாகச் சற்றே வலப்புறம் திரும்பியது. இடது காது காலி இருக்கையைப் பார்த்திருந்தது. நடுநடுவே மெதுவாக 'ம்' கொட்டினார்.

பாட்டுக்கு யாரும் 'ம்' கொட்டி நான் பார்த்ததில்லை.