நாற்பத்தைந்து கிலோ

செஞ்சிக் கோட்டையின் வெளிமதிலைப் பிளந்துகொண்டு போகும் திருவண்ணாமலை சாலையில் நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். ஏறி உட்காரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். நான் திரும்பவில்லை. முந்தின நாள் அடித்த மொட்டையில் சித்திரை வெயில் நேராக இறங்கியது.

புளிய மரத்தடியில் தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தவர், "எந்தக் கோயில்ல தம்பி மொட்ட?" என்று கேட்டார்.

"அங்காளம்மனுக்கு" என்று மாமா முந்திக்கொண்டார்.

பொய். என் முடி எந்தச் சாமிக்கும் போகவில்லை. எடை குறையட்டும் என்று வழித்த முடி அது.

இப்போது நான் கூப்பிடுகிற ஊருக்குப் போய்க் கூலிக்குக் கபடி ஆடுகிறவன். போட்டி இல்லாத மாதங்களில் லாரியில் மூட்டை ஏற்றுவேன், ஓட்டலில் நிற்பேன், எது கிடைக்கிறதோ அது. ஒரே ஊரில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. மொட்டைத் தலையோடு நடந்த அந்த நாளில் எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் டிவியில் ஆடப்போகிறவன் என்பது மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பையன்களின் கபடிப் போட்டிக்கு வயதைக் கேட்க மாட்டார்கள், எடையைத்தான் பார்ப்பார்கள். சுவரொட்டியிலேயே 'நாற்பத்தைந்து கிலோ' என்று கொட்டையாகப் போட்டிருக்கும். மைதானத்து ஓரத்தில் அரிசிக் கடைத் தராசை வைத்து ஒவ்வொருவனாக ஏற்றி இறக்குவார்கள். முள் கோட்டைத் தாண்டினால் அவன் ஊரைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். அதனால் போட்டி வருகிறது என்றால் எங்கள் ஊர்ப் பையன்களுக்குச் சோறு இறங்காது.

அம்மாவின் தம்பியான என் மாமா இந்த வித்தையில் பேர் போனவர். அவர் பையனாக ஆடிய காலத்தில் ஒருமுறை அவலூர்பேட்டையில் முள் ஒரு மயிரிழை தாண்டி நின்றதாம். சட்டையைக் கழற்றினார், டவுசரைக் கழற்றினார், கடைசியில் இடுப்புத் துண்டையும் கையில் கொடுத்துவிட்டு ஏறி நின்றார். அந்தப் போட்டியில் கோப்பை எங்கள் ஊருக்கு வந்தது. துண்டுக் கதை அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

அந்த வருடம் வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றுக்குச் செஞ்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தங்க இடம், படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு, ஆடுவதற்கு ரப்பர் மேட். அங்கே போன ஒருவன் டிவியில் ஆடுவதை நாங்கள் பார்த்திருந்தோம். எடை நாற்பத்தைந்து கிலோ என்று மாமாவுக்கு யாரோ போனில் சொன்னார்கள். அதற்கு மேலா கீழா என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எடை என்றாலே எங்களுக்குத் தாண்டக் கூடாத கோடுதான்.

நான் கொஞ்சம் தாண்டியிருந்தேன். ஒரு வாரம் மாமா என்னை வற்றவைத்தார். மழைக்கோட்டைப் போட்டு வெயிலில் ஓடவிட்டார். வாயில் புளியை அடக்கி, ஊறுகிற எச்சிலையெல்லாம் துப்பச் சொன்னார். அம்மா மட்டும்தான் சண்டை போட்டாள்.

"வளர்ற புள்ளைக்கு சோத்த நிறுத்தறியே, நீ இன்னா பெரிய டாக்டரா?"

"அக்கா, நீ சும்மா இரு. இவன் டிவில வர்றப்ப நீதான் மொதல்ல அழுவ."

செஞ்சி மைதானத்தில் என் முறை வந்தது. முள் நாற்பத்து மூன்றில் நின்றது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

"ரெண்டு கிலோ பத்தலியே தம்பி" என்றார் பயிற்சியாளர்.

மாமா ஓடி வந்தார். "சார், நாப்பத்தஞ்சுக்கு உள்ளதான சார் இருக்கணும்?"

"உள்ளயா? கொறஞ்சதே நாப்பத்தஞ்சுய்யா. அங்க பெரிய பசங்களோட மோதணும். எலும்ப வாங்கினு போய் நான் இன்னா பண்றது?"

"போன வாரம் இருந்துது சார். நாங்கதான் எறக்கினோம்."

"இருந்தத எதுக்குய்யா எறக்கின?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே ஓடி, இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். ஒரு வாரமாகத் துப்பச் சொன்ன மனுஷன் இப்போது விழுங்கச் சொன்னார். குழாயடியில் நின்று, "குடி மாப்ள, இன்னும் ஒரு சொம்பு, தொண்ட வரைக்கும் வரட்டும்" என்றார். குடித்தேன். வயிறு பானை மாதிரி ஆனது. மறுபடி ஏறியபோது முள் நாற்பத்தைந்தைத் தொட்டது. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு, "சரி, ஒரு பாட்டு பாடு, பாப்போம்" என்று விரித்திருந்த ரப்பர் மேட்டைக் காட்டினார்.

'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு போனேன். வயிற்றில் தண்ணீர் குலுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. வலது ஓரத்தில் நின்றவனைத் தொட்டேன். திரும்பும்போது ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். இன்னொருவன் முதுகில் விழுந்தான். வயிறு மேட்டில் அழுந்தியது. மூச்சை விடாமல் பாடிக்கொண்டே, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஊர்ந்தேன். கை நடுக்கோட்டைத் தொட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

மேட்டை நானே கழுவிவிட்டேன். பயிற்சியாளர் கோபப்படவில்லை. "பாட்டு இருக்குது, புடிவாதம் இருக்குது. ஒடம்புதான்டா இல்ல. போய் நல்லா சாப்டு" என்றார். மாமா அவரைத் தனியாகக் கூட்டிப்போய் வெகுநேரம் கெஞ்சினார். தூரத்திலிருந்து எனக்குப் பயிற்சியாளர் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும், இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். நாலைந்து வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஊருக்குத் திரும்பும் வழியில் தர்பூசணிக்காரரைத் தாண்டியதும் மாமா, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மாப்ள" என்றார்.

நான் நின்றேன். "அடுத்த வருஷம் எத்தினி கிலோ மாமா இருக்கணும்?"

மாமா கோட்டை இருக்கும் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்தார். "அம்பதுன்னு வெச்சிக்கயேன்."

சைக்கிளில் ஏறிக்கொண்டேன். வீடு வரும்வரை எனக்கு ஒரே கணக்கு, ஏழு கிலோ ஏற எங்கே போய்ச் சாப்பிடுவது. வீட்டில் ரேஷன் அரிசி எல்லோருக்கும் அளந்துதான் விழும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பரோட்டாக் கடை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே மாஸ்டரிலிருந்து மேஜை துடைப்பவன் வரை எல்லோருக்கும் தொப்பை.

மறுநாள் காலை மாமாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடை முன்னால் நின்றேன். முதலாளி என் மொட்டையைப் பார்த்தார்.

"சம்பளம் இன்னாடா எதிர்பாக்கற?"

"நீங்க பாத்து குடுங்கண்ணா. மூணு வேளையும் வயிறு ரொம்ப சாப்பாடு போடணும். ஆனா ஒரு வருஷம்தான் இருப்பேன். அடுத்த வருஷம் செலக்சன்ல என்னிய எடுத்துக்குவாங்க."

"அப்டியா?" என்று முதலாளி மாமாவைப் பார்த்தார். மாமா சட்டென்று குனிந்து சைக்கிள் செயினை மாட்டத் தொடங்கினார். செயின் கழன்றிருக்கவில்லை. காலையிலேயே இவருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு மாவு பிசைய உள்ளே போனேன்.