வாசம் வராத கறிவேப்பிலை

கறிவேப்பிலையை அடையாளம் தெரியாத தமிழன் ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்றால் அது நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்து எந்த வீட்டுக் கேட்டைத் தட்டினாலும் எப்படியும் சொல்லிவிடுவார்கள்.

எங்களுடையது வரிசை வீடு. சமையலறைக்கும் பின்சந்துக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருக்கிறது. பின்வீட்டு மாமரம் ஒரு பக்கம், எங்கள் தகரக் கூரை மறு பக்கம். வெயில் அங்கே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த மண்ணில் மிளகாய், கத்தரி, துளசி, கறிவேப்பிலை என்று பலரை நல்லடக்கம் செய்திருக்கிறேன். கற்றாழைகூடச் செத்தது. பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸில் என் மேசையில் இருப்பது பிளாஸ்டிக் செடி. அதற்கும் சில மாதம் தண்ணீர் ஊற்றியவன் நான்.

"ஒரே ஒரு செடிய உயிரோட வளத்துக் காட்டுங்க, அப்புறம் உங்களை மனுசன்னு ஒத்துக்கிறேன்" என்றாள் மனைவி. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்த ரோஷத்தோடு பந்திங் ஊருக்குப் போய்வந்த ஒரு நாள், சாலையோரம் செடி விற்கும் மலாய்ப் பெரியவரிடம் வண்டியை நிறுத்தினேன். கறிவேப்பிலைச் செடிக்கு மலாயில் 'போக்கோ காரி'. அதைத்தான் கேட்டேன். நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி உறுமிக்கொண்டு போனது. பெரியவர் காதில் எது விழுந்ததோ, ஒரு மாதிரியாகச் சிரித்தார். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து, எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கமும் கொடுத்தேன். மனைவிதான் வாங்கிவரச் சொன்னாள், அவளுக்குத் தினமும் வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் சண்டை.

பெரியவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கண்ணில் அப்படி ஓர் இரக்கம். இருப்பதிலேயே நல்ல கன்றாகத் தேடி எடுத்து, நிழலில் வை, வெயில் ஆகாது என்று சொல்லி, தோளில் தட்டி அனுப்பினார். என்ன அன்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

செடி சாகவில்லை! முதல் மாதம் சாகவில்லை என்பதே எங்கள் வீட்டில் செய்தி. தினமும் ஆபீஸ் விட்டு ரயிலில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போய்ப் பார்ப்பேன். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர்தான் மருந்து என்று கேள்விப்பட்டு அதையும் ஊற்றினேன். மெதுவாக, மிக மெதுவாக, ஒற்றைத் தண்டாக வளர்ந்தது. கிளையே கிடையாது. உச்சியில் மட்டும் நீளக் காம்புகள் வட்டமாய் விரிந்து குடை பிடித்தன.

"ஏங்க, கசக்கிப் பாத்தா வாசமே வரலையே?"

"சின்னப் பிள்ளைம்மா. பெரிசானா வரும்."

எனக்குப் புத்தி வருமென்று என் அம்மாவும் இப்படித்தான் காத்திருந்தார்.

இடுப்பு உயரம் வந்தபோது மனைவி பொறுமை இழந்து, ஒரு கொத்தைப் பறித்து ரசத்தில் தாளித்துவிட்டாள். முதல் வாய் வைத்ததும் என் நாக்கு வீட்டை விட்டு ஓடப் பார்த்தது. அப்படி ஒரு கசப்பு.

"இது கறிவேப்பிலையே இல்ல" என்றாள், தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

நான் விடுவேனா? படம் எடுத்து, 'இது என்ன மரம்?' என்று தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நெல்லி என்றார் ஒருவர். வேம்பு என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் மட்டும் குரல் செய்தி அனுப்பினார். பாதிக்கு மேல் சிரிப்பு. "வாஹ், பாஸ்! தொங்காட் ஆலி! யூ ஸ்ட்ராங் மேன் லா!"

தொங்காட் ஆலி என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆண்களுக்குத் 'தெம்பு' தரும் வேர் என்று காப்பித் தூளில்கூடக் கலந்து விற்கிறார்கள். அப்போதுதான் லோரி விழுங்கிய எழுத்து எதுவென்று புரிந்தது. நான் கேட்டது காரி, அவர் காதில் விழுந்தது ஆலி. பெரியவரிடம் மனைவியைப் பற்றி நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு பந்திங் பக்கமே நான் போகவில்லை.

சந்தேகம் தீரப் போனில் படங்களைத் தேடி, செடியோடு வைத்துப் பார்த்தேன். ஒற்றைத் தண்டு, உச்சிக் குடை, காம்பின் இரு பக்கமும் எதிரெதிராய் இலைகள், கசப்பு. எல்லாம் பொருந்தியது. பெரிய காட்டு மரங்களுக்கு அடியில், வெயில் படாமலே வளர்கிற நம் நாட்டு மரமாம். அதனால்தான் என் கையிலும் பிழைத்திருக்கிறது. என் வாழ்நாளில் நான் வளர்த்த ஒரே உயிர்ச்செடி!

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பின்சந்தில் மூன்று அங்கிள்கள். தலைமை, ஓய்வுபெற்ற லோரி டிரைவரான கடைசி வீட்டு அங்கிள். கையில் மண்வெட்டி. வேருக்காகத் தோண்டினால் மரம் அவ்வளவுதான்.

"தம்பி, கொஞ்சம் வேர் குடு. மூட்டு வலிக்கு."

"மூட்டு வலிக்கா அங்கிள்?"

"எல்லா வலிக்கும்தான் லா."

செடிக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். "அங்கிள், இது பச்சைக் குழந்தை. வேர் முத்தவே இன்னும் பல வருசம் ஆகும். இப்ப தோண்டினா ஒரு முருங்கைக்காய் அளவுகூடத் தேறாது."

"சும்மா கதை விடாத தம்பி. நீ மட்டும் ராத்திரியில சீவிச் சீவிக் குடிக்கிற. அதான் எங்களுக்குக் குடுக்க மாட்டேங்கிற."

"சத்தியமா இல்ல அங்கிள்!"

"அப்ப யாராச்சும் சாட்சி சொல்லட்டும். ஆள் கை படாத வேர்னா நாங்க வளரட்டும்னு விட்டுட்டுப் போறோம். நீ எடுத்திருந்தா எங்களுக்கும் பங்கு."

மண்வெட்டி ஒரு அடி முன்னால் வந்தது. சமையலறை வாசலில் மனைவி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மரம் பிழைக்க வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

"நீயே சொல்லும்மா," என்றேன் அங்கிள்களுக்குக் கேட்கும்படி சத்தமாக. "இந்த வேர நான் ஒரு நாளாவது தொட்டிருக்கேனா?"

அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தொட்ட மாதிரி ஒன்னும் தெரியலையே."